வீட்டுச் சர்வர் தெரிவியல்: வாகரைக் கரையிலிருந்து ஒரு முன்னாய்வு

தமிழாராய்ச்சி தொடாத பொருள் குறைவு. தொல்காப்பியர் எந்த நூற்றாண்டு என்பதற்கு ஆளுக்கொரு விடை உண்டு. வள்ளுவர் எந்தச் சமயம் என்பதற்குச் சமயத்துக்கு இரண்டு விடை உண்டு. ஆனால், நாலு ஹாட் டிஸ்கிலும் கணக்கில்லாத பென் டிரைவிலும் சிதறிக் கிடக்கும் படங்கள், பாட்டுகள், கலியாணங்கள், கூத்துகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து, வீட்டு ரிவிக்கும் கைப்போனுக்கும் கனடாவில் இருக்கும் மாமாவுக்கும் அனுப்பத் தகுந்த மென்பொருள் எது என்று கேட்டால், புலவர் உலகம் பையப் பின்வாங்கிவிடுகிறது. அந்தக் குறையைக் கொஞ்சமாவது போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் வாகரை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதி. நிருவாகப் பெயர் கோறளைப்பற்று வடக்கு. வாழைச்சேனையிலிருந்து திருகோணமலைப் பக்கம் போகும் ஏ15 வீதியில் காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணி கேணியாகக் கடந்தால் வாகரை வரும். அதற்கப்பால் கதிரவெளி, வெருகல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. "ஏன் இந்த ஊர்?" என்று தேர்வாளர் குறுக்கிடலாம். கரண்ட் நிற்காத, இணையம் அறாத, உப்புக்காற்று புகாத குளிரறையில் எந்த மென்பொருளும் நன்றாகத்தான் ஓடும். அது மென்பொருளுக்குப் பெருமையில்லை. வாடைக்காற்று வீசும் மார்கழியில் வாகரையில் ஓடிக் காட்டட்டும்.

ஆய்வுக்கு ஒரு மாதிரி வீடும் தேவை. கற்பனையில் கட்டிக்கொள்வோம், கற்பனை வீட்டுக்குச் சீமெந்து விலை ஏறுவதில்லை. வீட்டில் அம்மம்மா, மகள், மருமகன், உயர்தரம் படிக்கும் பேரன். ரொறன்ரோவில் மகளின் தம்பி, அதாவது பேரனுக்கு மாமா. (வெளிநாட்டில் ஒருவரைச் சேர்க்காமல் வடக்கு கிழக்கில் வரையும் எந்த மாதிரியும் நடைமுறைக்கு உதவாது.) களஞ்சியம் இப்படிக் கிடக்கிறது: விஎச்எஸ் கசெற்றிலிருந்து மாற்றிய ஒரு கலியாண வீடு, மூன்று சீடிக்கு ஒரு படமாகப் பிரிந்த விசிடிகள், ஒரே டிவிடிக்குள் ஐந்து படங்களைத் திணித்தவை, வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழா, ஒரு சாமத்திய வீடு, ஊர்க் களரியில் ஆடிய கூத்து, மாமா விடுமுறையில் வந்தபோது விட்டுச் சென்ற 4 டெராபைட் டிஸ்க், இவற்றுக்கு மேலே மழைக்கால ஈசல் அளவுக்கு வாட்ஸ்அப் வீடியோக்கள்.

இவற்றை எப்படிப் பார்ப்பது என்பதில் வீட்டில் மூன்று கட்சிகள் உண்டு. மாமா பிளெக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் கட்சி. பேரன் அதற்குப் போட்டியான ஜெலிஃபின் கட்சி. மருமகன் பென் டிரைவ் கட்சி. அம்மம்மா எந்தக் கட்சியிலும் இல்லை, அவர் கேட்பது ஒன்றுதான்: "மனே, அந்தக் கர்ணன் கூத்தப் போடு மனே."

முன்னோர் வழக்கை ஆராயாமல் முடிவு சொல்வது மரபன்று. 1980களிலும் 90களிலும் மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு ரிவி, டெக், ஜெனரேற்றர், கசெற் எல்லாம் வாடகைக்கு வந்தன. கோயில் வீதியிலோ கலியாண வீட்டு முற்றத்திலோ விடியவிடிய மூன்று படம், நாலு படம் ஓடும். இந்தப் பகுதியின் முதல் மீடியா சர்வர் அதுதான் என்று இவ்வாய்வு துணிகிறது. அது இணையம் கேட்கவில்லை. கடவுச்சொல் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் நூறு பேர் பார்த்தாலும் படம் திக்கவில்லை. பெற்றோல் முடிந்தால் மட்டும் நின்றது. எந்தப் படம் முதலில் என்ற வழக்கை முற்றத்துக்காரர் தீர்த்து வைத்தார். இன்றைய மென்பொருள்கள் 'பரிந்துரை' என்ற பெயரில் செய்வது அதைத்தான், ஆனால் அவ்வளவு அதிகாரத்தோடு அல்ல.

இதற்கும் முந்திய சான்று வேண்டுவோர் செலிக்மன் தம்பதியிடம் போகலாம். 1911இல் வெளியான அவர்களுடைய வேடர் பற்றிய பெருநூலில் கிழக்குக் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் உண்டு. வாகரைப் பகுதி இன்றும் அந்த மக்களின் வாழ்விடம். நூலின் இசை அத்தியாயத்தை எழுதியவர் சார்ல்ஸ் மயர்ஸ். அவர் காட்டுக்கு வந்து பாட்டுக் கேட்கவில்லை. செலிக்மன் தம்பதி மெழுகு உருளைகளில் பதிந்து கொண்டுபோனதைக் கேம்பிரிட்ஜில் இருந்தபடி கேட்டு எழுதினார். வாகரை தொடங்கி கேம்பிரிட்ஜ் வரை எவரும் மறுக்க முடியாதபடி இது தொலைவிலிருந்து கேட்பதற்கான ஏற்பாடு. தாமதம் மட்டும் சில ஆண்டுகள். அடுத்த சான்று மட்டக்களப்பு வாவி. அமெரிக்க யேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் இரவில் தோணியில் போய், நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, பாடும் மீன்களின் ஒலியைப் பதிந்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. ஒருவருடைய தனிச் சேகரிப்பு ஊரெல்லாம் கேட்டது. இடையில் எந்த மென்பொருளும் புகுந்து, "இந்த மீன் எந்தப் படத்தில் பாடியது?" என்று தேடவில்லை.

இனி வமிசாவளி. 2002இல் மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டியைப் படம் ஓட்டும் பெட்டியாக்க ஆர்வலர்கள் எழுதிய மென்பொருளே குலமுதல்வன். அதிலிருந்து எக்ஸ்பிஎம்சி பிறந்து, 2014இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே குலத்திலிருந்து 2007இல் மக் கணினிக்காக எலன் ஃபைன்கோல்ட் பிரித்தெடுத்த கிளை, பிளெக்ஸ் ஆகி வளர்ந்து கம்பனியானது. வேறொரு குலம் விண்டோஸ் மீடியா சென்ரரில் ஒட்டிப் பிறந்த மீடியா பிரவுசர். 2015இல் அது எம்பி ஆனது. 2018 இறுதியில் எம்பி தன் மூலநிரலை மூடிக்கொள்ள, கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் கடைசியாகத் திறந்திருந்த பதிப்பை எடுத்து ஜெலிஃபின் என்று தனிக்குடித்தனம் போனார்கள். சொத்துப் பிரிப்பில் மூத்தவர் வீட்டைப் பூட்டினால் இளையவர் முற்றத்தில் கொட்டில் போடுவது கிழக்கு மாகாணத்துக்கும் புதிதில்லை. ஜெலிஃபினில் காசு கட்டித் திறக்க வேண்டிய கதவே இல்லை. அதை எழுதுவோர் தன்னார்வலர்கள்.

மாமாவின் வாதம் வலுவானது. பிளெக்ஸ் பார்க்க அழகு, எந்த ரிவியிலும் செயலி கிடைக்கும், நிறுவுவது இலகு. "நான் காசு கட்டுறன், நீங்க பாருங்க" என்கிறார். அவர் கட்ட நினைத்த காசுதான் வளர்ந்துவிட்டது. ஆயுட்கால பிளெக்ஸ் பாஸ் 119.99 டொலருக்குக் கிடைத்தது. 2025 ஏப்ரல் 29இல் அது 249.99 ஆனது. அதே நாளில் இன்னொரு விதியும் வந்தது: வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்தப் படத்தைப் பார்க்க, சர்வர் சொந்தக்காரரோ பார்ப்பவரோ ஏதாவது ஒரு சந்தா கட்டியிருக்க வேண்டும். வாகரையில் தன் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கும் தன் கலியாண வீடியோவை ரொறன்ரோவில் பார்க்க, மாப்பிள்ளையே மொய் எழுத வேண்டிய நிலை.

பேரன் எதிர்வாதம் காசைப் பற்றியதாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் மழையைக் கொண்டுவந்தான். பிளெக்ஸில் நுழையும் கணக்கு அதன் கம்பனியிடம் இருக்கிறது. இணையம் அறுந்தால், முன்யோசனையோடு ஓர் அமைப்பை மாற்றி வைக்காத வீட்டில், அடுத்த அறையில் இருக்கும் டிஸ்கில் உள்ள படத்தைப் பார்க்க ரிவி தயங்கும். ஜெலிஃபினில் கணக்கும் கடவுச்சொல்லும் அந்த வீட்டுக் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. கோபுரத்தில் இடி விழுந்து 4ஜி போனாலும் றூட்டர் எரியும்வரை வீட்டுக்குள் படம் ஓடும். மார்கழியில் வாகரையில் செய்வதற்கு வேறு வேலை அதிகம் இல்லை என்பதை இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

தடை: அப்படியானால் மாமா எப்படிப் பார்ப்பார்?

விடை சற்று நீளம். வாகரை வீட்டின் இணையம் பெரும்பாலும் சிம் போட்ட 4ஜி றூட்டர். அதற்குக் கம்பனி தனி முகவரி தருவதில்லை. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கிறது. வெளியிலிருந்து வருபவர் வாசல் வரை வரலாம், எந்த அறை என்று தெரியாமல் திரும்ப வேண்டியதுதான். பிளெக்ஸ் இதற்குத் தன் சொந்தச் சர்வர் வழியாக ஒரு சுற்றுப்பாதை வைத்திருக்கிறது. அதன் வேகம் நெடுங்காலமாக விநாடிக்கு 1 மெகாபிட், சந்தாக்காரருக்கு 2 என்று இருந்தது. இங்கே ஓர் ஒப்பீட்டை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். 1993இல் வகுத்த விசிடி படமும் ஒலியும் சேர்ந்து ஏறத்தாழ 1.4 மெகாபிட். அதாவது, 2025 விதிக்கு முன்பு, சந்தா கட்டாதவர் பாதையில், முச்சந்திக் கடையில் வாடகைக்கு எடுத்த சீடியின் தரம்கூட முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஜெலிஃபின் கட்சியார் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைப் போட்டு, வயர்கார்ட் என்னும் மறைகுழாய் வழியே வாகரைக் கணினியையும் ரொறன்ரோ ரிவியையும் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல் நினைக்கவைக்கிறார்கள். இலங்கை டேட்டாப் பொதிகள் சிலவற்றில் நள்ளிரவுக்கு மேல் தனி ஒதுக்கீடு இருப்பது மாமாவுக்கு வசதி: வாகரையில் நடுச்சாமம் என்றால் அவருக்குப் பின்னேரம். இரு நாட்டு நேர வித்தியாசம் டேட்டாப் பொதிக்கு உதவிய இந்த ஒரு விடயத்தைப் பொருளியலார் இன்னும் எடுத்தாளவில்லை.

மென்பொருள் வாதத்தை இவ்வளவு தூரம் வளர்த்தபின், அதைவிடப் பெரிய தலைப்பு ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது: குரங்கு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடர்புபட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் சொன்னார். மேல் கரையில் குரங்கு ஒன்று அசைய, கிழக்குக் கரையில் டிஸ்க் நின்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் அதிர்ச்சியில் நின்றதால் அடுத்த நாட்களிலும் நேரம் வைத்துக் கரண்ட் வெட்டினார்கள். 2022 மார்ச் இறுதியிலோ குரங்கின் உதவியே இல்லாமல் ஒருநாளில் 13 மணி நேரம் வெட்டினார்கள். ஆகவே சர்வர் மென்பொருளைப் பற்றி எழுதும் எவரும் யூபிஎஸ் பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் அவருடைய ஆய்வு இத்தீவில் செல்லாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எக்ஸ்பாட் முறையில் வடிவமைத்த டிஸ்க் குழம்பக்கூடும். செய்த வேலையைக் குறித்துவைக்கும் நாளேடு அதற்கு இல்லை. லினக்ஸின் ஈஎக்ஸ்ரி4க்கு உண்டு. மாமா தந்த டிஸ்க் கடையில் வாங்கியபடியே எக்ஸ்பாட்டில் இருப்பதைப் பேரன் கண்டுபிடித்தது, பட்ட ஆய்வு ஒன்றுக்குச் சமமான காரியம்.

கரண்ட் வந்தாலும் அடுத்தது பில். ஒதுக்கி வைத்த பழைய மேசைக் கணினியைச் சர்வராக்குவது சிக்கனம் என்று மருமகன் முதலில் நினைத்தார். அது 80 வாட் இழுத்தால், இராப்பகலாக ஒரு மாதத்தில் 57.6 யுனிட். இலங்கையின் வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 யுனிட் என்பது ஒரு மதகு: அதற்குக் கீழே உள்ள வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை, மேலே போனால் வேறொன்று. பழைய கணினி தனி ஒரு வீட்டளவு கரண்டைக் குடித்து, குளிர்ப்பெட்டியும் மின்விசிறியும் வைத்திருக்கும் குடும்பத்தை மதகுக்கு மேலே தள்ளிவிடும். 2023இல் வந்த இன்டெல் என்100 சில்லுள்ள சின்னப் பெட்டி சராசரி 10 வாட் என்று வைத்தால் 7.2 யுனிட். பிளெக்ஸா ஜெலிஃபினா என்ற வழக்கில் மாதாந்தம் மிஞ்சும் காசை எண்ணுவோர் இந்த ஐம்பது யுனிட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். ராஸ்பெரி பை5 இன்னும் குறைவாகக் குடிக்கும். ஆனால் அதில் காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றி எழுதும் வன்பொருள் இல்லை.

மாற்றி எழுதுவதா, அது ஏன்? இங்கேதான் இக்கலையின் மிகப் பெரிய முரண் இருக்கிறது. மாமாவின் டிஸ்கில் உள்ள பளபளப்பான 4கே படத்தைப் புது ரிவி அப்படியே வாங்கி ஓட்டும். சர்வருக்குக் கோப்பை நீட்டுவது தவிர வேலை இல்லை. 1997இல் நடந்த கலியாண வீடு, விசிடியின் எம்பெக்-1 வடிவில் 352க்கு 288 புள்ளியில் அஞ்சல்தலை அளவில் இருக்கிறது. புது ரிவிகளிற் சில அந்தப் பழைய வடிவத்தைத் தெரியாத ஆள்போலப் பார்க்கும். பழைய எக்ஸ்விட் ஏவிஐ, டிவிடியின் கோடு பிரிந்த எம்பெக்-2 எல்லாம் இதே வரிசையில் வரக்கூடும். 2018க்குப் பிந்திய சம்சுங் ரிவிகள் டிரிஎஸ் ஒலியையும் கைவிட்டுவிட்டன. அப்போது சர்வர் ஓட ஓட மாற்றி எழுதித் தர வேண்டும். இளசுகள் சுளுவாக ஏறி இறங்க, பழசுகளைக் கைபிடித்து ஏற்ற வேண்டியிருப்பது இத்துறைக்கு மட்டும் உரிய சிறப்பில்லை.

மாற்றி எழுதும் வேலையை எல்லா மென்பொருளும் எஃப்எஃப்எம்பெக் என்ற ஒரே கருவியைக் கொண்டுதான் செய்கின்றன. வேற்றுமை, அதை இன்டெல் சில்லின் காணொளிப் பகுதியிடம் ஒப்படைப்பதில். பிளெக்ஸும் எம்பியும் அந்த வாசலுக்குச் சந்தா கேட்கின்றன, ஜெலிஃபின் கேட்பதில்லை. அந்தச் சில்லுக்கான காசு கடையில் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்பது பேரனின் வாதம். இவ்வாய்வு இந்த ஒரு புள்ளியில் அவன் பக்கம் சாய்கிறது. நடுநிலை ஆராய்ச்சியாளருக்கு அழகுதான். என்றாலும் சொந்தச் சில்லுக்கு வாடகை கட்டச் சொன்னால் அழகு கொஞ்சம் குலையும்.

மருமகன் இவ்வளவு நேரமும் பேசவில்லை. அவர் பென் டிரைவை ரிவியின் பின்னால் செருகிப் பாதிப் படம் பார்த்துவிட்டார். பென் டிரைவ் சம்பிரதாயத்தை ஆய்வுலகம் ஏளனமாகப் பார்ப்பது தவறு. வாகரையில் ஒரு படம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வேகத்தை எந்த 4ஜியும் எட்டியதில்லை. சைக்கிளில் போகும் 64 கிகாபைட்டை வழியில் எவரும் அளவிட்டுக் காசு கேட்பதில்லை. சம்பிரதாயத்தின் குறை ஒன்றே: அது எங்கே வைத்தோம் என்பது எவருக்கும் தெரியாது. காற்சட்டையோடு சலவைக்குப் போன களஞ்சியங்களின் வரலாறு தனி நூலாக எழுதத் தக்கது.

எனினும் இப்பகுதியில் மருமகனின் முறைக்கு ஆழமான நியாயம் ஒன்று உண்டு, அதை அவரே சொல்ல மாட்டார். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது வாகரைக் கரையில் வீடுகளோடு அல்பங்களும் போயின. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் எறிகணைக்கு இடையே ஊரே இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்தவை பிள்ளைகளும் அடையாள அட்டையும். கசெற் எடுத்தவர் குறைவு. பிறகு கலியாணப் படம் எப்படித் திரும்பி வந்தது? வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு முன்பு அனுப்பிய பிரதியிலிருந்து. வாழைச்சேனையில் இருந்த மாமி வீட்டு அலமாரியிலிருந்து. மட்டக்களப்பில் கல்லூரித் தோழி வைத்திருந்த பிரதியிலிருந்து. வீட்டில் இருந்த மூலப் பிரதி போய்விட்டது. கொடுத்துவிட்ட பிரதி நின்றது. பெரிய அளவிலும் இதே கதைதான். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது அங்கே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. நல்ல பாதுகாப்போடு ஓரிடத்தில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இத்தீவின் தமிழருக்கு 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட பிறகு விளக்கம் தேவையில்லை.

ஆகவே மாமா காசு கட்டுவதாக இருந்தால், ஆயுட்காலச் சந்தா வாங்குவதைவிட அந்தக் காசில் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் பிரதி எடுத்து, தன்னோடு ரொறன்ரோவுக்குக் கொண்டுபோவது மேல் என்று இவ்வாய்வு முன்மொழிகிறது. இரண்டு டிஸ்கை ஒன்றுக்கொன்று நிழலாக ஒரே பெட்டிக்குள் வைக்கும் ரெய்ட் ஏற்பாடு வாகரைக்குப் போதாது. கடல் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும். மேலும், டிஸ்க் ரொறன்ரோவில் இருந்தால் மாமா நடுச்சாம டேட்டாவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம், டெயில்ஸ்கேலும் வேண்டாம். நெடிய விவாதத்தின் பாதி இப்படி ஒரு சூட்கேசுக்குள் தீர்ந்துவிடுவது ஆய்வாளருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

ஈழத்தமிழ் ஆவணங்களின் மிகப் பெரிய களஞ்சியத்தையும் இங்கே எடுத்துப் பார்க்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன் எண்ணிம நூலகத்தை மீடியாவிக்கியில் நடத்துகிறது. அதாவது விக்கிப்பீடியாவை ஓட்டும் அதே மென்பொருள். ஒலி, ஒளி, படம் முதலியவற்றுக்காகப் பின்னர் எழுந்த ஆவணகம், ஐலண்டோராவில் ஓடுகிறது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த திறந்த மென்பொருள் அது. இரண்டிலும் திரை அழகு முதலிடம் பெறவில்லை. எது, யாருடையது, எப்போது, எங்கே என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதி வைக்க இடம் இருப்பதே முதலிடம் பெற்றது. வீட்டுச் சர்வர் கட்சிகள் மூன்றும் மறந்துபோன தலைப்பு இதுதான்: பெயர்.

மீடியா சர்வர் படத்தைப் பார்த்துப் படத்தை அறியாது. கோப்பின் பெயரை வாசித்து, திரைப்படத் தரவுத்தளங்களிடம் போய்க் கேட்டு, சுவரொட்டியும் கதைச்சுருக்கமும் வாங்கி வரும். பெயரோடு ஆண்டையும் எழுதினால் சரியாகக் கொண்டுவரும். 'விக்ரம்' என்று மட்டும் எழுதினால், 1986இல் வந்ததா 2022இல் வந்ததா? இரண்டிலும் நாயகன் கமல்ஹாசன் என்பதால் முகத்தைப் பார்த்துத் திருத்தலாம் என்ற வழியும் அடைபட்டிருக்கிறது. கல்யாணங்களின் நிலை இன்னும் மோசம். பெரியப்பா பெரியம்மாவின் இருபத்தைந்தாம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு யாரோ 'வெள்ளி விழா' என்று பெயரிட்டுத் திரைப்படப் பகுதிக்குள் போட்டிருந்தால், சர்வர் பெருமிதத்தோடு கே. பாலசந்தரின் 1972ஆம் ஆண்டுப் படச் சுவரொட்டியை ஒட்டிவிடும். பெரியப்பா ஜெமினி கணேசனாவார். அவர் மறுப்புத் தெரிவிக்கமாட்டார் என்பதே இதில் உள்ள சிக்கல்.

பழைய பட்டியல்களில் வேறொரு நோய். யூனிகோட் வருமுன் இலங்கையில் எங்கும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதினார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் பாமினித் தமிழ், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த வாந்தியாகத் தெரியும்; எந்தத் தரவுத்தளமும் அதை வாங்காது. இன்னொரு நுட்பமும் உண்டு. பாமினியில் 'ஈ' உட்கார்ந்திருக்கும் விசை கணிதத்தில் 'விடச் சிறிது' என்று காட்டும் கூர்க்குறி. விண்டோஸ் அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை. எனவே 'ஈழத்துக் கூத்து' என்று பாமினியில் பெயரிட முனைந்தவரைக் கணினி முதல் எழுத்திலேயே தடுத்திருக்கும். அரசியல் ஆய்வாளர் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். 'ஈரநிலம்' என்று எழுதியவருக்கும் அதே கதிதான். வாட்ஸ்அப் கோப்புகளோ பெயருக்குப் பதில் தேதியும் வரிசை எண்ணும் தாங்கி வருகின்றன. அவை 'வீட்டு வீடியோ' என்ற தனிப் பகுதிக்குள் போவதே முறை. அங்கே சர்வர் எவரிடமும் போய் விசாரிக்காது, தேதியை மட்டும் பார்க்கும்.

இப்போது அம்மம்மாவின் வேண்டுகோளுக்கு வரலாம். அவர் இன்னும் காத்திருக்கிறார். வீட்டுக் களஞ்சியத்தில் கர்ணன் மூவர். 1964இல் பி. ஆர். பந்துலு எடுத்த படத்தில் சிவாஜி கணேசன். 2021இல் மாரி செல்வராஜ் எடுத்த படத்தில் தனுஷ். மூன்றாவது, ஊர்க் களரியில் ஆடிய வடமோடிக் கூத்து 'கர்ணன் போர்'. மட்டக்களப்புக்கு இது சின்னப் பெயரில்லை: பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டுபோனபோது 1962இல் முதலில் எடுத்தது கர்ணன் போர்தான். நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை எல்லாம் அதற்குப் பின். ஆனால் திரைப்படத் தரவுத்தளத்துக்கு அண்ணாவியாரைத் தெரியாது. பேரன் கூத்தைத் திரைப்படப் பகுதிக்குள் போட்டதும், மத்தளமும் சல்லாரியும் கேட்கும் கோப்பின்மேல் தனுஷ் வந்து உட்கார்ந்தார்.

"இது ஆர் மனே?"

"கர்ணன் அம்மம்மா."

"நம்மட அண்ணாவியார்ர மகன்தானே கர்ணனுக்கு ஆடினவன்?"

தீர்வு தேடிப் பேரன் கூத்தைத் 'தொடர்' பகுதிக்கு மாற்றினான். காரணம் இருந்தது. பொழுதுபட்டுத் தொடங்கி விடியும்வரை ஆடிய கூத்தைக் கமரா ஒரே கோப்பாகப் பிடிக்கவில்லை. நினைவட்டையின் ஃபாட்32 முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், களரியில் யார் பாட்டின் நடுவில் இருந்தாலும் கவலைப்படாமல் அது வெட்டி வெட்டி 23 கோப்பாக்கி வைத்திருந்தது. தொடருக்கு வேண்டிய அத்தியாயங்கள் தாமாகவே கிடைத்துவிட்டன. பருவம் 1, அத்தியாயம் 1 முதல் 23. பற்றரி மாற்றிய இடத்தில் மட்டும் குந்திதேவி கர்ணனைச் சந்திக்கப் புறப்பட்டு, அடுத்த அத்தியாயத்தில் வரம் வாங்கித் திரும்பிக்கொண்டிருப்பார்.

இந்த வகைப்பாட்டை அண்ணாவிமார் ஏற்கமாட்டார்கள் என்பது இவ்வாய்வின் கணிப்பு. தொடரில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பார்ப்பவரை இழுத்து வைக்க வேண்டும். கூத்தில் பார்ப்பவர் நடுச்சாமத்தில் பாயில் சாய்ந்து தூங்கிவிட்டு, மத்தளம் ஏறும்போது எழும்பும் உரிமை உடையவர். சில அத்தியாயங்கள் தொடர்ந்து ஓடியதும் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று திரையில் கேட்கும் வழக்கம் பிளெக்ஸில் உண்டு. களரியில் தூங்கியவரை எழுப்பி இப்படிக் கேட்டால் சண்டை வரும். 'வீட்டு வீடியோ' என்று போட்டாலோ ஊரே ஆடிய ஒன்றை ஒரு வீட்டின் பெயரில் எழுதியதாகும். திரைப்படம், தொடர், இசை, வீட்டு வீடியோ என்று போகும் அறைகளுக்குள் மட்டக்களப்புக் கூத்துக்கு அறை இல்லை. புது அறையை ஜெலிஃபினில் பேரன்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். மூலநிரல் திறந்திருக்கிறது. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறான்.

அதுவரைக்கும் மருமகன் 23 கோப்பையும் பென் டிரைவில் போட்டு ரிவியில் செருகினார். அம்மம்மா பாயை விரித்துக்கொண்டார். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர். 01, 02 என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை. பல ரிவிகள் எண்ணை எண்ணாக வாசிப்பதில்லை, எழுத்தாக வாசிக்கும். 1க்குப் பிறகு 10 முதல் 19 வரை ஓடின. பிறகு 2, பிறகு 20, 21, 22, 23. அருச்சுனன் கணையில் கர்ணன் விழுந்து வாழி பாடி முடிந்த கையோடு 3 தொடங்கியது. விழுந்தவன் சதங்கை கட்டிக்கொண்டு வரவு ஆட்டம் ஆடி வந்தான். "பாத்தியா, நல்லவனுக்குச் சாவில்ல" என்று அம்மம்மா மகளைப் பார்த்துச் சொன்னார். மருமகன் 4ஐ அழுத்தினார்.